வயர் பிடித்தவள்

அவளைத் தெருவில் எல்லோரும் வயர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கரண்டு வேலை பார்க்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் பியூஸ் போனால் பக்கத்து வீட்டில் போய் ஆள் தேடுகிறவள்தான் அவளும். பிழைப்பு என்று பார்த்தால் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. வயர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது அவள் வீட்டுக்காரரால். அவர் வாங்கிய காரால்.

வீட்டுக்காரர் டிரைவர். சொந்தக் காரில் ஊர் சுற்றிய டிரைவர் இல்லை. பெரிய மனிதர்களைப் பின்னால் உட்கார வைத்து, தான் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டிய டிரைவர். பின் சீட்டில் நடக்கிற சண்டை, சமாதானம், அழுகை எல்லாம் காதில் விழும். விழாத மாதிரி ரோட்டைப் பார்க்க வேண்டும். அப்படியே காலம் போனதில், பேச்சு என்பது அடுத்தவர்களுக்குச் சொந்தமான சாமான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. வீட்டிலும் அளந்துதான் பேசுவார். "சாப்பாடு" என்றால் பசிக்கிறது என்று அர்த்தம். "விளக்கு" என்றால் தூங்க வேண்டும் என்று அர்த்தம். கூட வாழ்கிறவள்தான் மிச்சத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரு முதலாளி இனி வேண்டாம் என்று கழித்துவிட்ட பழைய காரை அவர் ஒருநாள் வீட்டுக்கு ஓட்டி வந்தார். கருநீலக் கார். வந்த அன்றைக்கு அது கண்ணில் புரை விழுந்த கிழம் மாதிரி மங்கிப்போய் நின்றது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன், "இதுவாப்பா?" என்று உதட்டைப் பிதுக்கினான். மறுநாள் அவர் எங்கிருந்தோ ஒரு பாலிஷ் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். அம்மிக்குழவியைப் போலக் கனத்த மெஷின். முனையில் தட்டு, தட்டில் ஒட்டிய ஸ்பாஞ்சு, பின்பக்கம் நீளமான வயர்.

வெயில் ஏறாத நேரம், நிழல் விழுகிற ஷெட், நன்றாகக் கழுவித் துடைத்த வண்டி. புறங்கையை வைத்துப் பார்ப்பார். தகடு குளிர்ந்திருந்தால்தான் வேலையைத் தொடங்குவார். ஸ்பாஞ்சில் காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைச் சொட்டு சொட்டாக வைத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்தில் முதலில் பூசுவார். அப்புறம்தான் சுவிட்சைப் போடுவார். முதலிலேயே சுவிட்சைப் போட்டால் காம்பவுண்டு எல்லாம் முகத்தில் தெறிக்கும். குறுக்கே ஓட்டி, நெடுக்கே ஓட்டி, நிறுத்தி, துண்டால் துடைத்தால் அந்த இடம் மட்டும் தண்ணீர் மாதிரித் தெளியும். மங்கலான கதவுக்கு நடுவே ஒரு கிணறு வெட்டின மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகு மகனும் உதட்டைப் பிதுக்கவில்லை.

இதில் தொல்லை என்னவென்றால் வயர். மெஷின் ஓட ஓட அதன் வயரும் கூடவே இழுபடும். வண்டி மேல் உரசினால் கீறல் விழும். சுற்றுகிற தட்டில் சிக்கினால் இன்னும் மோசம். மற்றவர்கள் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவரும் முதலாளிகளின் வண்டிக்கு அப்படித்தான் செய்தார். தன் வண்டி என்று வந்தபோது தன் தோளைக்கூட அவர் நம்பவில்லை. வீட்டைப் பார்த்து, "வயர்" என்றார். அவள் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வயரைத் தூக்கிப் பிடித்தாள். அவர் நகர்ந்தால் நகர வேண்டும், குனிந்தால் குனிய வேண்டும். தளர்ந்தாலும் தப்பு, இழுத்தாலும் தப்பு. அன்றைக்குத் தொடங்கிய வேலை அது. வருஷா வருஷம் நடந்தது.

வேலை முடிகிறவரைக்கும் அவர் பேசுவது அந்த ஒரே சொல்தான். தளர்ந்தால் "வயர்". அவள் பராக்குப் பார்த்தால் "வயர்". எல்லாம் முடிந்து, மெஷினை அணைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொல்வதும் "வயர்"தான். அப்போது அதற்கு, போதும், விட்டுவிடு, உனக்கும் கை வலிக்கும் என்று அர்த்தம். ஒரு சொல்லுக்குள்ளேயே வைகிறதையும் தாங்குகிறதையும் வைத்திருந்தார். குரலை வைத்து அவள் பிரித்தெடுத்துக்கொள்வாள்.

ஒருமுறை வயரை விட்டுவிட்டாள். மகன் படியில் தடுக்கி விழுந்து அலறினான். எந்தத் தாய் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? ஓடினாள். திரும்பி வருவதற்குள் வயர் தட்டில் சுருட்டிக்கொண்டு, மெஷின் துள்ளி, கதவில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அவர் வையவில்லை. வைதிருந்தால் அன்றோடு போயிருக்கும். சிக்கை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுத்து, மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். சாப்பாடு, விளக்கு என்ற சொற்கள்கூட வரவில்லை. அடுத்த வருஷம் ஷெட்டிலிருந்து "வயர்" என்று குரல் வந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு, உடன்பிறந்த தங்கை தூரத்திலிருந்து வந்து வாசலில் பெட்டியோடு நின்றால்கூட, "வாடி, வந்து இங்க நில்லு, வயர் பிடிச்சிருக்கேன்" என்று நின்ற இடத்திலிருந்தே நலம் விசாரிக்கிறவளாகிவிட்டாள். அதைப் பார்த்துச் சிரித்த எதிர்வீட்டுக் கடைக்காரிதான் வயர் அக்கா என்று முதலில் கூப்பிட்டது.

அவளுக்கு அந்த வேலையில் ஓர் ஆசை இருந்ததை மட்டும் யாரும் அறியவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அவர் திரும்ப மாட்டார். என்ன பார்க்கிறாய் என்று கேட்க மாட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். தோள் ஏறி இறங்குவதை வைத்தே அவருக்கு வேலை பிடித்துவிட்டதா, எரிச்சலாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். காரில் போகும்போதும் முதுகுதான். முதல்முதலாக எல்லோரும் காரில் கிளம்பிய அன்றைக்கு அவள் முன் கதவுக்குப் போனாள். அவர் பழக்க தோஷத்தில், முதலாளி வீட்டம்மாவுக்குத் திறக்கிற மாதிரி, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தெருவே பார்த்தது. அவரும் மாற்றிக்கொள்ளவில்லை, அவளும் மாற்றச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் பின் சீட்டுதான். அவருடைய பிடரியில் நரை எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது என்று கேட்டால் சொல்வாள். முகத்தை அவ்வளவாகச் சொல்லத் தெரியாது.

அப்புறம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில்தான் வீடு திரும்பினார். பேச்சு இல்லை.

டாக்டர் சொன்னதை மகன் அவளுக்கு விளக்கிச் சொன்னான். தொண்டையில் கோளாறு இல்லை. சொற்களும் உள்ளேதான் எங்கோ கிடக்கின்றன. ஆனால் அவராக முயற்சி செய்து வெளியே கொண்டுவர வேண்டும். பேச்சு வருவதென்றால் இந்தச் சில மாதங்களுக்குள் வர வேண்டும். போகப் போக வழி அடைத்துக்கொள்ளும். அதற்காகவே ஒரு பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாள். நல்ல பெண், சிரித்த முகம். அட்டையில் கோப்பைப் படம், பூனைப் படம், நாற்காலிப் படம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "சொல்லுங்க அப்பா" என்பாள். அவர் சுவரைப் பார்ப்பார். ஊட்டினால் விழுங்குவார், விழுங்கிவிட்டு அதே சுவர். வயர் அக்காவுக்கு இப்போது நாள் முழுக்கப் பார்க்கக் கிடைத்தது அவர் முகம்தான். அதுவும் கோணிப்போன முகம். எதிரே உட்கார்ந்து உற்று உற்றுப் பார்ப்பாள். கோபமா, வலியா, வெட்கமா, ஒன்றும் பிடிபடாது. விலாசம் தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருநாள் அந்தப் பெண் கார் படத்தைக் காட்டினாள். மற்ற படங்களுக்கெல்லாம் சும்மா இருந்தவர், அதற்கு மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வயர் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததோடு விடவில்லை, மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

லீவு நாளில் மகன் வந்தான். வந்தவன் ஷெட்டை அளந்தான். கார் தூசியும் பறவை எச்சமும் அப்பிக்கொண்டு மறுபடியும் புரை விழுந்து நின்றது.

"அம்மா, இந்த எடத்துல ரெண்டு பக்கமும் கம்பி நட்டா அப்பா பிடிச்சிக்கிட்டு நடந்து பழகலாம். கார நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தகப்பன் நடக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை அவன். அவளுக்கும் அது புரிந்தது. புரிந்தாலும், அடுத்த லீவுக்கு வந்து எடுத்துக்கொள் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, வண்டியைத் துடைத்துத் தருகிறேன், இப்படியே கொடுத்தால் அசிங்கம் என்று சொல்லி அனுப்பினாள்.

அவள் கணக்கு வேறு. இந்த மனிதர் மனசில் எது செத்தாலும் கார் சாகாது. மெஷினை யாரும் தொடக் கூடாது. துணியால் துடைக்கக்கூட அவளை விட்டதில்லை. அப்படியிருக்க, அவர் கண்ணெதிரே அவள் மெஷினைத் தூக்கினால்? மலையே பெயர்ந்து வரும். உள்ளே கிடக்கிற சொற்களில் எது வந்தாலும் சரி, அதைப் பிடித்து இழுத்து மற்றதையும் கொண்டுவந்துவிடலாம். நைந்த துணியில்கூட ஒரு நூலின் நுனி கிடைத்தால் போதும், அவள் பிரித்துவிடுவாள்.

கடைக்காரி இதைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"வயர் பிடிச்ச கைக்கு மெஷின் பிடிக்க வருமா அக்கா?"

"தெனம் மெஷின்தானடி பிடிக்கிறேன். அது ஊசி, இது பஞ்சு."

"வண்டி பாழாப் போனா?"

"போகட்டும். அதப் பாத்துட்டு வாயத் தொறந்து ஒரு வார்த்தை திட்டினார்னா போதும் எனக்கு."

வெறும் வாய்ச்சவடால் இல்லை அது. அவளுக்குக் காது இருந்தது. கம்பெனியில் நாள் முழுக்க இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து, ஊசி மழுங்கியதையும் நூல் இறுகியதையும் சத்தத்தை வைத்தே சொல்கிறவள். பாலிஷ் மெஷின் எந்த இடத்தில் எப்படிப் பாடும் என்பது அவளுக்கு மனப்பாடம். கூரையில் கும்மென்று இருக்கும். கதவில் கொஞ்சம் கனக்கும். ஓரங்களுக்குப் போகும்போது மெலிந்து, இழையாகி, மறுபடி தடிக்கும். ஓரத்துக்கு ஓரம் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த இடத்தில் கை என்ன செய்தது என்று பார்க்க அவளுக்கு வழி ஏது? நடுவில் அவர் முதுகு இருந்ததே.

வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, நாற்காலியோடு அவரைத் தள்ளிக்கொண்டுவந்து ஷெட்டின் வாயில், நிழலில், காருக்கு நேராக நிறுத்தினாள். போர்வையைக் காலில் சுற்றினாள். பரணிலிருந்து மெஷினை இறக்கியபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கதவில் காம்பவுண்டைப் பூசி, சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் ஒரு இழு இழுத்தது. ஆட்டுக்குட்டியை முதன்முதலாகக் கயிற்றில் பிடித்தால் இழுக்குமே, அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். கொஞ்சத்தில் சத்தம் படிந்தது. அவளுக்குத் தெரிந்த அந்தக் கனத்த சத்தம் வந்ததும் கை தன்னால் அதன் போக்கில் போயிற்று. துடைத்துப் பார்த்தாள். கதவில் அவள் முகம் தெரிந்தது. தன் முகத்தை அந்தக் காரில் அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி, "எப்படிங்க?" என்றாள். அவர் மதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, நன்றாகச் செய்தால் இவருக்குப் பேச்சு வராது என்று நினைத்தாள். வேண்டுமென்றே தோளிலிருந்து வயரை நழுவவிட்டாள். அது முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் சர்ரென்று உரசிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்துக்கு அவர் கண் திரும்பியது. வயரைப் பார்த்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லுங்கள், ஒரே ஒரு சொல், உங்களுக்கு இருந்ததே அந்த ஒரு சொல்தானே என்று மனசுக்குள் கெஞ்சினாள். கண் மறுபடியும் மதிலுக்குப் போய்விட்டது.

அப்போது அவளுக்கு வந்ததே ஒரு கோபம். சிரித்த முகமாக வந்து போகிற அந்தப் பெண் மேல் வராத கோபம், டாக்டர் மேல் வராத கோபம். இத்தனை வருஷம் பின்னால் நின்றேனே, எனக்கென்று ஒரு வசவைக்கூட மிச்சம் வைக்கவில்லையே என்று கோபம். வயரை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, பானெட்டில் காம்பவுண்டை அப்பி, மெஷினை வைத்து அழுத்தினாள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனாள். அங்கே தகடு மடிந்து ஒரு வரம்பு மாதிரி எழும்பியிருக்கும். மெஷின் சத்தம் மெலியவில்லை. மெலிகிற இடம் இது என்று காது சொன்னது. ஆனால் அது மூச்சு வாங்குகிற இடம்தானே, தனக்கு மூச்சு வாங்கவில்லையே என்று அழுத்தியபடியே நின்றாள்.

ஸ்பாஞ்சில் நீலம் ஏறியது. புதுத்துணியை முதல் தண்ணீரில் போட்டால் சாயம் போகும். போகிற சாயம் போனதும் நின்றுவிடும். அவளுக்குத் தெரிந்தது அதுதான். அதனால் இன்னும் தேய்த்தாள். சூடான ஒரு நெடி மூக்கில் ஏறியபோதுதான் சுவிட்சை அணைத்தாள்.

துண்டால் துடைத்தாள். வரம்பின் மேல் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை. மறுபடி துடைத்தாள். காம்பவுண்டு இல்லை. பளபளப்பும் போய், நீலமும் போய், அடியில் இருந்த வெள்ளைப் பூச்சு எலும்பு மாதிரி வெளியே வந்திருந்தது.

வண்டி பாழாகட்டும் என்று கடைக்காரியிடம் வாய் சொன்னதுதான். மனசு அதைச் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பானெட்டுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனாள்.

"பாருங்க. உங்க வண்டியக் கெடுத்துட்டேன். திட்டுங்க."

அவர் பார்த்தார். இந்தத் தடவை மதிலைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"திட்டுங்க. என்ன வேணாலும் சொல்லுங்க. கூலிக்கு வந்தவகூட இப்படிப் பண்ண மாட்டான்னு சொல்லுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

அவர் முகத்தைத் தேடினாள். கோணிய வாய், ஈரமான கண். அந்தக் கண் இப்போதெல்லாம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது, அதை வைத்து என்ன சொல்ல முடியும்? முதுகாக இருந்திருந்தால் படித்திருப்பாள்.

அவருடைய இடது கை போர்வைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. மெல்ல எழும்பியது. அடிக்கப்போகிறார் என்று நினைத்து அவள் கன்னத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கை கன்னத்துக்கு வரவில்லை. அவள் தோளில் கிடந்த வயரைப் பற்றியது. இழுத்தது. ஒரு கையாலேயே தடுமாறித் தடுமாறி, அதைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு விளங்கவில்லை. "போதும்கிறீங்களா? எடுத்து வச்சிடவா?" என்று கேட்டாள். அவர் தாடையால் தரையில் கிடந்த மெஷினைக் காட்டினார். வயரை ஒரு சுண்டு சுண்டினார்.

அவள் மெஷினை எடுத்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முன்னால் அப்படி நின்றதில்லை. முதுகு கூசியது. ரவிக்கையின் பின் தையல் விட்டிருக்கிறதே, பார்ப்பாரோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு.

பானெட்டின் மறுபாதியில் சுவிட்சைப் போட்டாள். நடுவில் ஓட்டி, மறுபக்கத்து வரம்பை நெருங்கியபோது பின்னாலிருந்து வயர் லேசாக இழுபட்டது. நிற்கச் சொல்கிறாரோ என்று கையைத் தளர்த்தினாள். சத்தம் மெலிந்து இழையானது. வரம்பைத் தாண்டியதும் இழுப்பு விட்டது, கை தன்னால் அழுந்தியது, சத்தம் தடித்தது. அடுத்த ஓரம். மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி அந்த மெலிந்த சத்தம். அட, மூச்சு வாங்கியதில்லை அது. ஓரத்தில் பூச்சு ஒல்லியாக இருக்கும் என்று கையை லேசாகத் தூக்கியிருக்கிறார். இத்தனை வருஷமும் ஒவ்வோர் ஓரத்திலும் இந்த முரட்டு மனிதர் இப்படிப் பதமாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் நின்றவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

அவளுக்கு அழுகை பீறிட்டது. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அழுதாள். பின்னால் இருந்தவருக்குத் தோள் குலுங்குவது தெரிந்திருக்கும். தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

பானெட்டு முடிந்து, டிக்கி முடிகிற நேரம். நாற்காலியை நகர்த்தி நகர்த்திக் கூடவே கொண்டுபோயிருந்தாள். அவர் கை சோர்ந்திருக்க வேண்டும்; வயர் தளர்ந்து தொங்கித் தகட்டைத் தொடப்போனது. அவள் திரும்பவில்லை. யோசிக்கவும் இல்லை.

"வயர்."

அவள் வாயிலிருந்துதான் வந்தது. அச்சு அசல் அவர் குரல்தான். அதே அதட்டல், அதே அவசரம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொங்கிய வயர் நடுங்கிக்கொண்டே மேலே ஏறியது. ஏறி, வேலை முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றது.

முடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் தோளில் வயரோடு கண்ணை மூடியிருந்தார். களைப்பில் தூங்கிவிட்டார். விரல்கள் மட்டும் வயரை விடவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

இனி பேசிவிடுவார் என்றுதான் அவள் நம்பினாள். அந்தப் பேச்சுப் பெண்ணிடம் வாய் ஓயாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவளும் ஆவலாக அட்டைகளை எடுத்தாள். கார் படத்தை முதலில் காட்டினாள். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. படத்தைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அப்புறம் பூனை, கோப்பை, நாற்காலி, அப்புறம் சுவர். டாக்டர் சொன்ன மாதங்கள் ஓடிப்போயின. அந்தப் பெண் வருவதும் குறைந்து நின்றது.

சொன்னபடி அடுத்த லீவுக்கு வந்த மகன் பளபளத்த வண்டியைச் சுற்றிவந்து, பானெட்டின் வெள்ளைக் கோட்டைக் கண்டு நின்றுவிட்டான்.

"யாரும்மா இப்படிப் பண்ணது?"

"நாங்கதான்."

அவன் தகப்பனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். அவள் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஷெட்டில் கம்பி நட்டார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் எழுந்து நின்றார். ஓரிரு எட்டு வைத்தார். கார் நின்ற இடத்தில், கார் மாதிரியே தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் பின்னால் நின்று இடுப்புவாரைப் பிடித்துக்கொள்வாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். அதை அவள் துடைத்து எடுத்தபோது உயிர் இல்லை. ஒரு சொல்லும் சொல்லாமலேயே போய்விட்டார்.

எல்லாம் அடங்கிய பிறகு, கொஞ்ச நாள் என்னோடு வந்து இரு என்று மகன் அந்தக் காரிலேயே அழைக்க வந்தான். அவள் வழக்கம்போலப் பின் கதவுக்குப் போனாள். அவன் முன் கதவைத் திறந்தான்.

"முன்னாடி உக்காரும்மா. நான் என்ன உன் டிரைவரா?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே முகம் சுருங்கிவிட்டது. அவள் பின் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கடைக்காரி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் பானெட்டு நீளமாக, கருநீலமாக விரிந்து கிடந்தது. அதன் மறு ஓரத்தில், வெயில் பட்டு, அந்த வெள்ளைக் கோடு. பின் சீட்டிலிருந்து பார்த்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது.

"பெயிண்ட் கடையில குடுத்து அத மறைச்சிடலாம்மா. தெரியவே தெரியாது" என்றான் மகன், அவள் பார்வை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.